எண்ணியவருக்கே இழப்பு தெரியும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். நற்செய்தி: லூக்கா 15:1-7)



காணாமற்போன ஆட்டின் உவமை நமக்குப் புதிதல்ல. மறைக்கல்வி வகுப்பில் படம் வரைந்து வண்ணம் தீட்டிய காலத்திலிருந்தே நமக்குத் தெரிந்த கதை. நூறு ஆடுகள் வைத்திருக்கும் ஒருவர், அவற்றில் ஒன்று காணாமற்போனதும் மற்றவற்றை விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போகிறார். கண்டுபிடித்ததும் தோளில் போட்டுக்கொண்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறார். அவருடைய தேடலைப் பற்றி நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவருடைய மகிழ்ச்சியைப் பற்றியும் கேட்டிருக்கிறோம். இன்று அவற்றுக்கு முந்தைய ஒரு கேள்வியைக் கேட்போம். ஓர் ஆடு காணவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது?

விடை எளியது. அவர் எண்ணியிருந்தார். நூறு ஆடுகளும் தொண்ணூற்றொன்பது ஆடுகளும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். வயலில் கிடை போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். பொழுது சாய்ந்ததும் ஆடுகளைப் பட்டிக்குள் விடும்போது எண்ணித்தான் விடுவார்கள். மழையானாலும் அசதியானாலும் எண்ணாமல் படுக்க மாட்டார்கள். எண்ணுகிறவருக்கே இழப்பு தெரியும். இழப்பு தெரிந்தவரே தேடிப் போவார். உவமையில் சொல்லப்படாமல் மறைந்திருக்கும் முதல் அன்புச் செயல் அந்த எண்ணிக்கைதான்.

அன்பார்ந்தவர்களே, ஆடுகளை எண்ணுகிற மேய்ப்பர்களை நமக்குத் தெரியும். தவளைகளை எண்ணுகிற மேய்ப்பர்களைத் தெரியுமா? சிரிக்க வேண்டாம். உண்மையாகவே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் வடக்கே விஸ்கான்சின் என்றொரு மாநிலம். ஏரிகளும் சதுப்பு நிலங்களும் நிறைந்த பகுதி. ஒரு காலத்தில் அங்கே எங்கும் காணப்பட்ட சிறுத்தைத் தவளை போன்ற சில இனங்கள் குறைந்து வருவதாக மக்கள் உணர்ந்தார்கள். ஆனால் எவ்வளவு குறைந்தது, எங்கே குறைந்தது என்று கேட்டால் சொல்ல யாரிடமும் கணக்கு இல்லை. ஆகவே 1981-ஆம் ஆண்டில் ஒரு கணக்கெடுப்பைச் சிறிய அளவில் தொடங்கி, 1984-இல் மாநிலம் முழுவதற்கும் விரித்தார்கள். அதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர். ஆசிரியர்கள், விவசாயிகள், ஓய்வு பெற்றவர்கள், தம் பிள்ளைகளை அழைத்து வரும் தாய் தந்தையர். ஊதியம் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு பாதை. அந்தப் பாதையில் பத்து இடங்கள். ஆண்டுக்கு மூன்று இரவுகள், இளவேனிலின் தொடக்கத்தில் ஒன்று, அதன் முடிவில் ஒன்று, கோடையில் ஒன்று. இருட்டிய பிறகு ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் நின்று கேட்க வேண்டும். எந்தத் தவளையின் குரல் கேட்டது என்று எழுத வேண்டும். அவ்வளவுதான். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இது நடந்து வருகிறது.

இருட்டில் தவளையைக் கண்ணால் பார்த்து எண்ண முடியாது. ஆகவே காதால் எண்ணுகிறார்கள். இணை தேடும் ஆண் தவளைதான் உரக்கக் குரல் கொடுக்கும். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு தனிக் குரல். அங்கே ஒரு சிறு தவளையின் குரல், சீப்பின் பற்களில் நகத்தை ஓட்டினால் எழும் ஓசைபோல இருக்கும். அமெரிக்கத் தேரையோ மூச்சு விடாமல் அரை நிமிடம் வரைகூட ஒரே இழையாக ஒலி எழுப்பும். குளத்தில் எத்தனை இனங்கள் சேர்ந்து கத்தினாலும், பெண் தவளை தன் இனத்தின் குரலைப் பிரித்தறிந்து அதை நோக்கிச் செல்லும். அந்தப் பெண் தவளைக்குத் தெரிந்ததை இந்தத் தொண்டர்கள் முயன்று கற்றுக்கொள்கிறார்கள். ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகுகிறார்கள்.

சிறுவன் சாமுவேலை நினைத்துக்கொள்ளுங்கள். இரவில் ஆண்டவர் அழைத்தபோது, அது ஏலியின் குரல் என்றே அவன் மூன்று முறை எண்ணினான். காது நன்றாகத்தான் கேட்டது. அது யாருடைய குரல் என்று அறிய ஒருவர் கற்றுத்தர வேண்டியிருந்தது. கேட்பது வேறு, செவிமடுப்பது வேறு. செவிமடுக்கப் பயிற்சி வேண்டும்.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. தவளை தன் வாயால் கெடும் என்போம். மறைவாகக் கிடந்த தவளை சும்மா இல்லாமல் கத்தியதால் பாம்புக்கு இரையாகிறது. நாவடக்கம் வேண்டும் என்பதற்குச் சொல்லும் பழமொழி இது. ஆனால் ஒரு வியப்பான செய்தி சொல்கிறேன். பெரும்பாலான தவளைகள் வாயைத் திறந்து கத்துவதில்லை! வாயை மூடிக்கொண்டு, நுரையீரலில் உள்ள காற்றைத் தொண்டைப் பைக்குத் தள்ளி, மீண்டும் உள்ளே இழுத்துத்தான் ஒலி எழுப்புகின்றன. அந்தக் குரலைக் கேட்டு அதைப் பிடிக்க வருகிறவர்கள் உண்டு. இந்தத் தொண்டர்களோ அதே குரலைக் கேட்டு அதைக் காக்க வருகிறார்கள். குரல் ஒன்றுதான். கேட்கிறவரின் உள்ளம் எத்தகையது என்பதைப் பொறுத்தே அந்தக் குரலால் அது கெடுவதும் பிழைப்பதும்.

இந்தப் பணியில் மூன்று சிறு வழக்கங்கள் உண்டு. அவை நம் ஆன்மீக வாழ்வுக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, மௌனம். 'ஃபிராக்வாட்ச்' என்ற இன்னோர் அமெரிக்கத் தொண்டர் அமைப்பில் ஒரு விதி இருக்கிறது. குளக்கரைக்கு வந்தவுடன் கணக்கெடுக்கத் தொடங்கக்கூடாது. முதல் இரண்டு நிமிடம் அசையாமல், பேசாமல் நிற்க வேண்டும். அதன் பிறகே மூன்று நிமிடம் கேட்டுக் குறிக்க வேண்டும். ஏன்? நம் காலடி ஓசை கேட்டதும் தவளைகள் வாயடைத்துப் போகும். நாம் அடங்கினால்தான் அவை மறுபடி பேசும். நாம் அடங்காத இடத்தில் எளியவர்கள் பேசுவதில்லை. ஏழையின் வீட்டுக்குப் போய் நாமே பேசிவிட்டுத் திரும்பினால், அவர் துயரம் நமக்குக் கேட்டிருக்காது. செபத்தில் நாமே பேசி முடித்தால், ஆண்டவர் சொல்ல வந்ததும் கேட்டிருக்காது.

இரண்டாவது, உண்மையான அளவு. விஸ்கான்சின் தொண்டர்கள் எத்தனை தவளை என்று குத்துமதிப்பாக எழுதுவதில்லை. குரல்கள் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியே கேட்டால் 1 என்று குறிப்பார்கள். சில குரல்கள் கலந்தும், இன்னும் பிரித்தறியக்கூடியதாக இருந்தால் 2. எண்ண முடியாதபடி இடைவெளியில்லாமல் ஒரே பாட்டாக ஒலித்தால் 3. தெரிந்ததை மட்டும் எழுதுவது, தெரியாததைக் கூட்டிச் சொல்லாதிருப்பது. இதுவும் ஒரு நற்பண்புதான்.

மூன்றாவதுதான் மிகவும் கடினமானது. ஒரு குரலும் கேட்காத இரவிலும் எழுத வேண்டும். குளிரில் நின்று, கொசுக்கடி பட்டு, பத்து இடத்திலும் காத்திருந்தும் ஒரு தவளைகூடக் கத்தவில்லை என்றால் என்ன தோன்றும்? வீணாய்ப் போன இரவு என்று தோன்றும். தாளை மடித்து வைத்துவிடத் தோன்றும். ஆனால் அந்தச் சுழியம்தான் சில வேளைகளில் எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி. சென்ற ஆண்டு 3 என்று எழுதிய அதே இடத்தில் இந்த ஆண்டு சுழியம் என்றால், ஏதோ நடந்திருக்கிறது. அங்கே யாரும் போகவில்லை என்பது வேறு, போய் நின்றும் குரல் இல்லை என்பது வேறு. தாள் வெறுமையாக இருந்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

இந்தச் சுழியத்தின் கனம் என்ன என்பதைக் கோஸ்டா ரிக்கா நாடு உலகுக்குக் கற்பித்தது. அங்கே மான்டெவெர்டே என்ற மேகம் தவழும் மலைக்காட்டில் பொன்தேரை என்றோர் இனம் வாழ்ந்தது. ஆண் தேரை பளிச்சென்ற செம்மஞ்சள் நிறம். உலகில் வேறெங்கும் அது இல்லை. 1987-ஆம் ஆண்டு இனப்பெருக்கக் காலத்தில் மார்த்தா கிரம்ப் என்ற உயிரியலாளர் அங்கே ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட தேரைகளைக் கண்டார். 1989-இல் ஒரே ஓர் ஆண் தேரை. அதன் பிறகு யாரும் அதைக் காணவில்லை. அந்த இனம் அற்றுப்போனது என்று 2004-இல் அறிவித்தார்கள். அது பாதுகாக்கப்பட்ட காடு. மரம் வெட்டவில்லை, வேட்டையும் இல்லை. இருந்தும் இரண்டே ஆண்டுகளில் போய்விட்டது. 1987-இல் ஒருவர் எண்ணியிருக்காவிட்டால், 1989-இன் இழப்பு எவ்வளவு பெரியது என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

அதே 1989-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில் ஊர்வன, நீர்நில வாழ்வனவற்றை ஆராய்வோரின் முதல் உலக மாநாடு கூடியது. ஒவ்வொரு நாட்டிலிருந்து வந்தவரும் தம் ஊரில் தவளை குறைந்துவிட்டது என்று சொல்ல, மற்றவரும் அதையே சொன்னார். பின்னர்தான் காரணங்கள் ஒவ்வொன்றாக விளங்கின. நீர்நிலைகள் அழிந்தது, வேதிப்பொருள்கள், வெப்பநிலை மாற்றம். அவற்றோடு, தவளையின் தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோயும் சேர்ந்துகொண்டது. தவளை தன் தோலாலும் மூச்சு விடும், தோலாலேயே நீரையும் உறிஞ்சும். ஆகவே தோலைத் தாக்கும் நோய் அதன் உயிரையே தாக்குகிறது. அந்தப் பூஞ்சை 90 இனங்களை அழித்ததாக 2019-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இன்று உலகின் நீர்நில வாழ் உயிரினங்களில் ஐந்தில் இரண்டு பங்கு அழியும் ஆபத்தில் இருக்கின்றன.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 2017-இல் 'ஃபிராக் ஐடி' என்ற கைப்பேசிச் செயலியைத் தொடங்கியது. வீட்டுப் பின்புறத்தில் கத்தும் தவளையைப் பதிவு செய்து அனுப்பினால், வல்லுநர்கள் கேட்டு அது எந்த இனம் என்று சொல்வார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019-லும் 2020-லும், அந்நாட்டின் கிழக்கே மாபெரும் காட்டுத்தீ. எல்லாம் கருகியது. தவளைகள் என்ன ஆயின? தொண்டர்கள் எரிந்த காட்டிலிருந்து குரல்களைப் பதிந்து அனுப்பினார்கள். 66 இனங்கள் குரல் கொடுத்தன! சாம்பலுக்கு நடுவே உயிர் இருந்தது. கேட்க ஆள் இருந்ததால் அது தெரிந்தது.

இங்கே ஒருவர் கேட்கலாம். "சாமி, மனிதருக்கே சோறில்லாத நாட்டில் தவளையை எண்ணச் சொல்கிறீர்களே, விவிலியத்தில் தவளை ஒரு கொள்ளைநோயாகத்தானே வருகிறது?" நியாயமான கேள்விதான். எகிப்தில் தவளைகள் பார்வோனின் படுக்கையறைவரை நுழைந்ததை விடுதலைப் பயண நூலில் வாசிக்கிறோம். ஆனால் அங்கே குற்றவாளி தவளையா, பார்வோனின் இறுகிய உள்ளமா? கடவுள் தாம் படைத்த எதையும் வெறுப்பதில்லை என்று சாலமோனின் ஞானநூல் நமக்குக் கற்பிக்கிறது. பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் பிரிக்காமல் ஒன்றாகக் கேட்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடல் வலியுறுத்துகிறது. நம்மால் ஓர் உயிரினம் அழியும்போது, அது தன் இருப்பால் கடவுளுக்குச் செலுத்திவந்த புகழும் நின்றுபோகிறது என்றும் அது நமக்கு உணர்த்துகிறது.

இது ஏழைக்குத் தொடர்பில்லாத காரியமும் அல்ல. தவளை கெட்டுப்போகும் குளத்தில்தான் நம் ஆடு மாடுகள் தண்ணீர் குடிக்கின்றன. அந்த நீர் பாயும் வயலில்தான் கூலித் தொழிலாளி வெறுங்காலோடு இறங்கி நாற்று நடுகிறார். நீரிலும் நிலத்திலும் வாழ்ந்து, தோலாலேயே நீரை வாங்கிக்கொள்ளும் தவளை, அந்தத் தண்ணீரின் நிலையை முதலில் தன் உடலில் தாங்குகிறது. அது மௌனமானால் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. வயல்களில் பிடிக்கப்பட்ட பெருந்தவளைகளின் கால்கள் கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்குப் போன காலம் இருந்தது. பூச்சிகளைத் தின்று பயிரைக் காத்தவற்றை விற்றுவிட்டு, பூச்சிமருந்தை விலை கொடுத்து வாங்கினோம். 1987-இல் அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. முதல் பெருமழைக்குக் கண்மாயில் மஞ்சள் நிறமாக மாறி, நீல நிறத் தொண்டைப் பை உப்ப, ஊரே அதிரக் கத்துமே, அதே தவளைதான். அதுபோக, நாம் இன்னும் பெயர்கூட வைக்காதவை எத்தனையோ! மேற்குத் தொடர்ச்சி மலையில், கேரளத்திலும் தமிழ்நாட்டிலும், ஏழு புதிய இரவுத் தவளை இனங்களை 2017-இல்தான் ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். அவற்றில் நான்கு, கட்டைவிரல் நகத்தில் அமர்ந்துவிடும் அளவே உள்ளவை. அவற்றின் குரல் பூச்சியின் குரல்போல இருப்பதால் கேட்டவர்களும் பூச்சி என்றே கடந்து போயிருப்பார்கள்.

ஆகவே, அன்பார்ந்தவர்களே, வருகிற மழைக்காலத்தில் ஒரு சிறு தொண்டு செய்யலாமா? நம் இளையோர் இயக்கத்தினரையும் மறைக்கல்வி மாணவர்களையும் மனத்தில் வைத்துச் சொல்கிறேன். உங்கள் ஊரில் ஒரு குளத்தையோ ஊருணியையோ வயல் வரப்பையோ தேர்ந்துகொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, இருட்டி அரைமணி நேரம் கழித்து, அதே இடத்துக்குப் போங்கள். இரண்டு நிமிடம் மௌனம். மூன்று நிமிடம் செவிமடுத்தல். நாள், நேரம், மழை பெய்ததா, எத்தனை விதமான குரல், தனித்தனியாகவா கூட்டமாகவா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒன்றும் கேட்காவிட்டால் அதையும் எழுதுங்கள். கைப்பேசியில் குரலைப் பதிந்து 'ஐநேச்சுரலிஸ்ட்' என்ற பொதுத்தளத்தில் ஏற்றினால், தெரிந்தவர்கள் இனத்தைக் கண்டறிய உதவுவார்கள். தனியாகப் போக வேண்டாம், பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். காலில் செருப்பும் கையில் டார்ச் விளக்கும் இருக்கட்டும், தவளை இருக்குமிடத்தில் பாம்பும் இருக்கும். நீரில் இறங்க வேண்டாம், தவளையைப் பிடிக்கவும் வேண்டாம். இரவல் வாங்கிய காதல்ல, ஆண்டவர் தந்த உங்கள் சொந்தக் காதே போதும்.

ஓராண்டில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஐந்தாண்டு, பத்தாண்டு எழுதினால், அந்த நோட்டு உங்கள் ஊரின் சாட்சியாகிவிடும். குளத்தை யாராவது மூட வரும்போது, கழிவு நீரைத் திருப்பிவிடும்போது, "இங்கே இன்னின்ன உயிர்கள் வாழ்ந்தன, இந்த ஆண்டிலிருந்து இவற்றின் குரல் இல்லை" என்று எடுத்துக்காட்ட உங்களிடம் கணக்கு இருக்கும்.

இந்தப் பழக்கம் குளக்கரையோடு நின்றுவிடவும் கூடாது. நம் அன்பியக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் வந்து பின்வரிசையில் அமரும் பாட்டி மூன்று வாரமாக வரவில்லை. ஞாயிறு பாடற்குழுவில் ஒரு குரல் குறைகிறது. வெளியூர் வேலைக்குப் போன ஒரு தம்பியிடமிருந்து வீட்டுக்கு அழைப்பு வருவது நின்றுவிட்டது. யார் கவனித்தது? இருக்கும்போது எண்ணாதவர்களுக்கு, இல்லாதபோது வெற்றிடம் தெரியாது. அந்தச் சுழியத்தைக் குறித்துக்கொண்டு, ஒருவர் எழுந்து போய்க் கதவைத் தட்ட வேண்டும். நற்செய்தியில் வரும் மேய்ப்பர் செய்தது அதுதான். மாலையில் எண்ணினார். ஒன்று குறைந்தது. புறப்பட்டார்.

மன்றாடுவோம்.

எங்கள் தலைமுடிகளையும் எண்ணி வைத்திருக்கும் அன்புத் தந்தையே, உம் கைவேலையான சிற்றுயிர்களின் குரலுக்காக உமக்கு நன்றி கூறுகிறோம். நாங்கள் எழுப்பும் இரைச்சலை அடக்கி, எளியவர்களின் குரலுக்கும் எளிய உயிர்களின் குரலுக்கும் செவிமடுக்க வரம் தாரும். ஒரு குரல் குறைந்தாலும் உணர்ந்து, தேடிச் செல்லும் உள்ளத்தை எங்களுக்கு அருளும். நல்ல ஆயராம் எங்கள் ஆண்டவர் இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.